விமானத்தில் போட்ட பெட்டி வராவிட்டால்...

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ கம்பெனியின் விமான சர்வீஸ்கள் நாடு முழுவதும் நிலைகுலைந்தபோது ஐதராபாத் ஷம்ஷாபாத் விமான நிலையமும் தப்பவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமானிகளுக்குக் கட்டாய ஓய்வு நேரத்தைக் கூட்டிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்ததும், அதற்கு ஏற்ற ஆள் பலத்தைக் கம்பெனி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாததும் இதற்குக் காரணம் என்பது தெரிந்ததே. டிக்கெட் பணம், ஹோட்டல் செலவு, தவறிப்போன முகூர்த்தம் என்று பிரயாணிகளின் கஷ்டங்கள் பல. ஆனால் பலர் விமானம் ஏறாமலே வீடு திரும்பினார்கள், அவர்களுடைய பெட்டி மட்டும் திரும்பவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் டிசம்பர் 6ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. பிரயாணிகளிடமிருந்து பிரிந்துபோன சாமான்கள் அனைத்தையும் 48 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, அவரவர் வீட்டுக்கோ அவர்கள் சொல்லும் விலாசத்துக்கோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். டிசம்பர் 8ஆம் தேதி சர்க்கார் கொடுத்த கணக்கில், இப்படிப் பிரிந்த பெட்டிகள் சுமார் 9,000 என்றும், அவற்றில் 4,500 உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன என்றும் சொல்லப்பட்டது.

உத்தரவு நல்ல உத்தரவுதான். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பெட்டியை ஏற்றுக்கொண்ட கம்பெனி அதைத் திருப்பித் தருவது சாதாரணக் கடமை. அந்தச் சாதாரணக் கடமையைச் செய்ய வைக்க அமைச்சகமே தலையிட்டுக் கெடு வைக்க வேண்டியிருந்தது. குழப்பம் ஏதும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் தனி ஒருவரின் பெட்டி காணாமல் போனால், அவருக்கு இந்த 48 மணி நேரக் கெடு கிடையாது. ஒன்பதாயிரம் பேர் சேர்ந்து தொலைத்தால் சர்க்கார் பேசுகிறது. ஒருவர் தொலைத்தால் அவரேதான் பேசியாக வேண்டும்.

பெட்டி ஏன் சிக்கிக்கொள்கிறது?

விமானம் ரத்தானால் பெட்டியை உடனே திருப்பித் தருவதில் என்ன கஷ்டம் என்று பலர் கேட்டார்கள். கவுண்டரில் எடை போட்டு உள்ளே போன பெட்டி, எக்ஸ்ரே சோதனையைத் தாண்டி, பிரயாணிகள் நுழைய முடியாத பாதுகாப்புப் பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து வண்டியில், வண்டியிலிருந்து விமானத்தின் வயிற்றுக்குள். இந்தப் பாதை முன்னோக்கிப் போக அமைக்கப்பட்டது. பின்னோக்கி வர ஆள் வேண்டும், பாதுகாப்புச் சிப்பந்திகள் வேண்டும், எந்தப் பெட்டி யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஐந்து விமானம் ரத்தானால் சமாளிக்கலாம். ஐம்பது ரத்தானால் பெட்டிகள் மலையாகக் குவிவதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியும் ஆளும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரமான சரித்திரம் இருக்கிறது. 1985 ஜூன் 23ஆம் தேதி ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடற்பகுதியில் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். வெடிகுண்டு இருந்த பெட்டியை கானடாவின் வான்கூவரில் போட்ட ஆசாமி விமானத்தில் ஏறவே இல்லை. அதன் பிறகுதான், உரியவர் ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டியும் ஏறக்கூடாது என்ற விதி உலகெங்கும் இறுகியது. வழி தவறிப் பின்னால் வரும் பெட்டி மட்டும் மறுபடி சோதிக்கப்பட்டு, தனிச் சீட்டு ஒட்டப்பட்டு, ஆளில்லாமல் அனுப்பப்படுகிறது. தாமதமான பெட்டி அடுத்த விமானத்திலேயே வராததற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். இதில் கம்பெனியைக் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. உலகக் கணக்கைப் பார்த்தால் பெட்டிகள் அதிகம் தவறுவது ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான். முதல் விமானம் அரை மணி தாமதமாக இறங்குகிறது. பிரயாணி ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடுகிறார். பெட்டியால் ஓட முடிவதில்லை. சீட்டு கிழிந்துபோவது, பழைய பிரயாணத்தின் சீட்டைப் பிய்க்காமல் விட்டதால் இயந்திரம் அதைப் படித்துத் தடுமாறுவது, ஒரே மாதிரி கறுப்புப் பெட்டியை வேறொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவது ஆகியவையும் உண்டு. 2022 மார்ச்சில் பாட்னாவிலிருந்து பெங்களூரு வந்த பொறியாளர் ஒருவருக்கு இப்படித்தான் பெட்டி மாறிப்போயிற்று. கம்பெனிக்குப் போன் செய்து சலித்த அவர், கம்பெனியின் இணையதளத்தையே குடைந்து, பெட்டியை எடுத்துப்போன சக பிரயாணியின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, தாமே பேசி மாற்றிக்கொண்டார். எல்லாருக்கும் அந்தச் சாமர்த்தியம் வராது; வர வேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது.

சைனிக்புரியிலிருந்து ஷம்ஷாபாத்

ஐதராபாத்தில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பிரச்னையில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்காக உருவான சைனிக்புரி, அதை ஒட்டிய நேரேட்மெட், ஏ.எஸ்.ராவ் நகர், இ.சி.ஐ.எல். பகுதிகள் எல்லாம் நகரின் வடகிழக்கு மூலை. விமான நிலையம் பேகம்பேட்டையில் இருந்தவரை பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் காரியம் முடிந்தது. 2008 மார்ச்சில் நிலையம் தெற்கே ஷம்ஷாபாத்துக்குப் போன பிறகு, சைனிக்புரிவாசிக்கு ஒரு வழிப் பாதை 40 கிலோமீட்டருக்கு மேல். காணாமல் போன பெட்டிக்காக இரண்டு தரம் போய் வந்தால் ஆட்டோ, டாக்ஸி செலவே ஒரு விமான டிக்கெட் விலையை நெருங்கிவிடும். ஒரு நாள் சம்பளமும் போகும்.

ஆகவே சைனிக்புரியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவோ, பட்டறைத் தொழிலாளியோ மனத்தில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: பெட்டி வராவிட்டால் புகார் எழுதாமல் நிலையத்தை விட்டு வெளியே வரக்கூடாது. சாமான் சுற்றி வரும் பெல்ட் நின்ற பிறகு, ‘நாளைக்குப் போன் செய்யுங்கள், வந்துவிடும்’ என்று சிப்பந்தி அன்பாகவே சொல்லலாம். அந்த அன்புக்கு ரசீது கிடையாது. அதே கூடத்தில் கம்பெனியின் சாமான் கவுண்டர் இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தை எழுதி, நகல் வாங்க வேண்டும். அதில் பத்து எழுத்து கொண்ட ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து நிலையத்தைக் குறிக்கும். ஐதராபாத்துக்கு எச், ஒய், டி. அடுத்த இரண்டு விமானக் கம்பெனி. கடைசி ஐந்து வழக்கின் எண். பெட்டி உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தேடுவதற்கு இந்தக் குறியீடுதான் சாவி.

பெட்டி போடும்போது போர்டிங் அட்டையில் ஒட்டித் தரும் சிறு சீட்டைப் பலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அதில் உள்ள பத்து இலக்க எண்தான் பெட்டியின் பெயர். அதுவும் இல்லாவிட்டால், பெட்டியின் நிறம், வகை, உள்ளே இருப்பது ஆகியவற்றை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். ‘கறுப்புப் பெட்டி, சக்கரம் உண்டு’ என்று எழுதினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு லட்சம் பெட்டிகள் தென்படும். ‘பச்சைக் கயிறு கட்டியது, உள்ளே ஒரு காஞ்சிபுரம் புடவை, இட்லித் தட்டு, சிறுவர் பாடப் புத்தகம்’ என்று எழுதினால் ஒன்றுதான் தென்படும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பெட்டிக்குக் கயிறு கட்டிப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. பெட்டியைத் தேடும் சிப்பந்திக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பெட்டிக்கு உள்ளேயும் ஒரு காகிதத்தில் பெயரும் போன் எண்ணும் எழுதிப் போடுவது நல்லது. வெளிச் சீட்டு பிய்ந்தாலும் அது இருக்கும்.

சட்டம் தரும் கெடுக்கள்

வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா இதில் 2009இல் சேர்ந்தது. அதற்கு முன் 1929இல் போடப்பட்ட வார்சா உடன்படிக்கையே நடைமுறையில் இருந்தது. மாண்ட்ரியல் ஷரத்துகளில் பிரயாணிக்கு முக்கியமானவை சில எண்கள். பெட்டி உடைந்தோ கிழிந்தோ வந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள். வர வேண்டிய தேதியிலிருந்து 21 நாள் ஆகியும் வராவிட்டால், அது தொலைந்ததாகவே கருதி நஷ்ட ஈடு கேட்கலாம். கம்பெனி ‘இன்னும் தேடுகிறோம்’ என்று சொல்லிக் கொண்டிருக்க முடியாது. கோர்ட்டுக்குப் போவதென்றால் 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

இந்த 7 நாள் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஆள் கையெழுத்து கேட்பான். இரவு பத்து மணி. அவனும் களைத்திருப்பான், வீட்டுக்காரரும் களைத்திருப்பார். கையெழுத்துப் போட்டு, பெட்டியை மறுநாள் திறந்து பார்த்தால் பூட்டு உடைந்திருக்கும். எழுத்தில் புகார் இல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் வந்ததற்கு அதுவே சாட்சியாகக் கொள்ளப்படும் என்று உடன்படிக்கை சொல்கிறது. வாசலிலேயே திறந்து பார்த்து, குறை இருந்தால் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

பணம் எவ்வளவு? வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு உச்ச வரம்பு ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்குப் பணம். ஏறக்குறைய 2,000 டாலருக்குச் சமம். 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை. அதற்கு முன் 1,288. அதற்கும் முன் 1,131. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தொகையை மறு பரிசீலனை செய்ய வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே ஒரு ஷரத்து இருப்பதால் இது தானாகவே உயர்ந்து வருகிறது.

உள்நாட்டுக் கணக்கு வேறு. ஐதராபாத்திலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போகும் பெட்டி தொலைந்தால், உச்ச வரம்பு ஒரு பிரயாணிக்கு 20,000 ரூபாய். இது 2014 ஜனவரி அறிவிக்கையில் வந்த தொகை. 2019இல் அமைச்சகம் வெளியிட்ட பயணிகள் சாசனத்திலும் அதே தொகைதான் அச்சாயிற்று. துபாய் பெட்டிக்கும் சென்னைப் பெட்டிக்கும் சுமார் ஒன்பது மடங்கு வித்தியாசம்! இரண்டிலும் இருப்பது அதே வேட்டி, புடவை, பிள்ளைகளின் துணிமணிதான். 20,000 என்பது உச்ச வரம்பு, கேட்டவுடன் கிடைக்கும் தொகை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்பார்கள், பில் கேட்பார்கள். தீபாவளிக்கு வாங்கிய துணியின் பில்லைப் பத்திரப்படுத்தும் வீடு எத்தனை? பெட்டியைப் பூட்டுவதற்கு முன் திறந்தபடி ஒரு போட்டோ எடுத்துவைத்தால் பாதிச் சண்டை தீரும். பெட்டி வரும்வரை மாற்றுத் துணி, சோப்பு, மருந்து என்று வாங்கியதற்கும் பில் இருந்தால் கேட்கலாம்; தாமதத்தால் வந்த நஷ்டமும் நஷ்டமே.

டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஐதராபாத்திலிருந்து மும்பை, மும்பையிலிருந்து துபாய் என்று ஒரே டிக்கெட்டாக இருந்தால், மும்பை வரை உள்ள தூரமும் சர்வதேசப் பிரயாணமாகவே கருதப்படும். பெரிய தொகை பொருந்தும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் வாங்கினால் முதல் பாதி உள்நாடு ஆகிவிடும். முதல் விமானம் தாமதித்துப் பெட்டி பின்தங்கினாலும், ‘அது எங்கள் டிக்கெட் அல்ல’ என்று இரண்டாவது கம்பெனி கையை விரித்துவிடலாம். ஒரே டிக்கெட்டில் பல கம்பெனிகள் சேர்ந்திருந்தால், முதல் கம்பெனி, கடைசிக் கம்பெனி, பெட்டி தொலைந்த கட்டத்தில் ஓட்டிய கம்பெனி ஆகிய மூன்றில் எதையும் கேட்கலாம். அலைச்சலைப் பார்த்தால், வந்து இறங்கிய இடத்தில் உள்ள கடைசிக் கம்பெனியைப் பிடிப்பதே சுலபம்.

வெளிநாட்டிலிருந்து மும்பை அல்லது டில்லி வழியாக ஐதராபாத் வருகிறவர்கள், இந்திய மண்ணில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போட வேண்டும் என்பதே பொதுவான ஏற்பாடு. சீட்டில் ஐதராபாத் என்று இருப்பதைப் பார்த்து, அது தானாக வந்துவிடும் என்று நம்பி வந்தவர்களின் பெட்டிகள் மும்பை பெல்ட்டில் அநாதையாகச் சுற்றுகின்றன. கஸ்டம்ஸ் சலுகை விஷயமும் இதோடு சேர்ந்தது. பெட்டி வராத நாளில், கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்கி, தீர்வையில்லாச் சலுகையில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கஸ்டம்ஸ் அதிகாரியின் கையெழுத்தும் வாங்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடைக்கும். மூன்று வருஷம் ரியாத்திலோ மஸ்கட்டிலோ உழைத்து வாங்கி வந்த பொருளுக்கு, கம்பெனியின் தவறால் தீர்வை கட்ட நேர்வது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் அப்படி நேரக் கூடும்.

ரயிலோடு ஒப்பிட்டால் விமானப் பிரயாணியின் நிலை எவ்வளவோ மேல். சார்மினார் எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டிய பெட்டி காணாமல் போனால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, புக் செய்து ரசீது வாங்காத சாமானுக்கு நிர்வாகத்தின் கவனக்குறைவை நிரூபித்தாலொழிய ரயில்வே பொறுப்பல்ல. பிரயாணி இடுப்பில் கட்டி வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாய் திருட்டுப்போன வழக்கில், அதை ரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது என்று 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. விமானத்தில் பெட்டியைக் கம்பெனி தன் கையில் வாங்கிக்கொள்கிறது. ஆகவே பொறுப்பும் அதன் தலையில். கைப்பையாக உடன் எடுத்துப்போவது மட்டும் ரயில் பெட்டி மாதிரிதான். அதற்குக் கம்பெனியின் தவறை நிரூபிக்க வேண்டும்.

கம்பெனி பதில் சொல்லாவிட்டால் போக இடம் உண்டு. அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’வில் புகார் பதியலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த ஒரு மாற்றம் வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு மிகவும் அனுகூலம். கம்பெனியின் ஆபீஸ் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். குருகிராமில் தலைமை ஆபீஸ் உள்ள கம்பெனி சைனிக்புரிக்காரருக்காக இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயம் இல்லை. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஆணையங்கள் தனியாகத் தொகை வழங்கியதும் உண்டு. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது பி.ஐ.ஆர். நகலைத்தான்.

எதைப் பெட்டியில் போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். நகை, ரொக்கம், பாஸ்போர்ட், அசல் சர்ட்டிபிகேட், தினசரி மாத்திரை ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டுத் தொலைத்தால் பொறுப்பில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரின் அசல் சான்றிதழ் தொலைந்தால் அதை எந்தத் தொகை ஈடு செய்யும்? போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் பெட்டிக்குள் இருக்கக் கூடாது; தீப்பற்றும் பயத்தால் பெட்டியைத் தனியே நிறுத்திவிடுவார்கள், விமானம் போய்விடும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் கொப்பரைத் தேங்காயும் இந்த ஆபத்துப் பட்டியலில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எண்ணெய்ப் பசை உள்ளதால் அதுவும் எளிதில் தீப்பிடிக்கும் பண்டம்.

உலகக் கணக்கும் ஆறுதல் தருவதுதான். விமானக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை செய்யும் ‘சிட்டா’ நிறுவனத்தின் கணக்குப்படி, 2007இல் உலகில் தவறிய பெட்டிகள் 4 கோடியே 69 லட்சம். 2022இல் அது 2 கோடியே 60 லட்சம். தவறும் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் உரியவரிடம் வந்து சேர்கின்றன. யாரும் கேட்காமல் போன பெட்டிகளை மொத்தமாக வாங்கி விற்பதற்கென்றே அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தின் ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1970 முதல் ஒரு கடை நடக்கிறது. அங்கே விற்பவை பெரும்பாலும் பெயர் தெரியாத பெட்டிகளின் உள்ளடக்கமே.

இந்தியாவில் சர்க்கார் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் விமானப் பாதுகாப்பு அமைப்பு ஏழு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, இன்ஜின் நின்ற பத்து நிமிஷத்தில் முதல் பெட்டியும் அரை மணியில் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று கண்டித்தது. பெட்டி சீக்கிரம் வருவதற்கு நிமிஷக் கணக்கு இருக்கிறது. விமானம் ரத்தானால் பிரயாண நேரத்துக்கு ஏற்ப 5,000 முதல் 10,000 ரூபாய் வரை என்று ஒரு அட்டவணை இருக்கிறது. பெட்டி வராமலே போனால் இத்தனை நாளுக்கு இவ்வளவு என்ற அட்டவணை அந்தப் பயணிகள் சாசனத்தில் இல்லை. அமெரிக்காவில் 2024இல் வந்த விதிப்படி, உள்நாட்டு விமானத்தில் 12 மணி நேரத்துக்குள் பெட்டியைத் தராவிட்டால் அதற்கு வாங்கிய கட்டணத்தையாவது திருப்பித் தர வேண்டும்.

2025 டிசம்பரில் போட்ட 48 மணி உத்தரவு அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமே உரியது. அதை எல்லா நாளுக்கும் உரிய நிரந்தர விதியாக்க எந்தத் தடையும் இல்லை. 9,000 பெட்டிகளுக்கு முடிந்தது ஒரு பெட்டிக்கு முடியாதா? 20,000 ரூபாய் வரம்பை உயர்த்தவும் பார்லிமெண்டில் புது மசோதா வேண்டாம். விமானப் போக்குவரத்துச் சட்டப்படி உள்நாட்டுத் தொகையை அறிவிக்கை மூலமே சர்க்கார் மாற்றலாம். 2014இல் அப்படித்தான் மாற்றியது.